கல்குடா வளவில் கிடைத்த 43 முருகைக்கற்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் மச்சான் போன் எடுத்தார். "மச்சான், கக்கூஸ் குழி வெட்டக்குள்ள முருகைக்கல்லாக் கிளம்புது. கூலிக்காரர் ரெண்டு பேரும் அலவாங்க வெச்சிட்டு நிக்காங்க. ஒருக்கா வந்து பாருங்க."

முருகைக்கல் என்பது கடலில் முருகை (பவளம்) என்ற சிற்றுயிர்கள் கட்டும் சுண்ணாம்புக் கூடு. வீடு மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாவில், கடற்கரையிலிருந்து 250 மீற்றர் உள்ளே இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது குழி மூன்றடி ஆழம் போயிருந்தது. வேலியோரம் இருபதுக்கு மேற்பட்ட கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். குழிக்குள் இன்னும் சில மண்ணில் புதைந்தபடி தெரிந்தன. இனி ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். கூலிக்காரருக்கு அன்றைய சம்பளத்தை மச்சான் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் இந்த ஆய்வே நடந்திராது.

கற்கள் எப்படி வந்தன என்பதில் வீட்டுக்குள்ளேயே மூன்று கருத்து இருந்தது.

மாமி சொன்னார்: "இது கடல் போட்ட கல்லு மகன். சுனாமியில தண்ணி அந்தக் கிணத்துக் கட்டுக்கு மேலால போனத நான் கண்ணால கண்டனான்."

மச்சானுக்கு வேறு நினைப்பு. சூளைக்குக் கொண்டுவந்த கல்லாக இருக்கும் என்றார். அதைக் கேட்டதும் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வளவுல ஆர் சூளை வெச்ச? உங்கட அப்பா தோணியில போனவர். சுண்ணாம்பு சுட்டவரில்ல."

உயர்தரம் படிக்கும் மருமகனின் கண்கள் பளபளத்தன. "மாமா, ஹிக்கடுவை, அக்குரலைப் பக்கம் நிலத்துக்குள்ள பழைய முருகைக்கல் இருக்கெண்டு நீங்கதானே சொன்ன. கடல் மட்டம் உயந்து நிண்ட காலத்துல வளந்த கல்லு. இஞ்சயும் அப்பிடி இருக்கலாம்தானே?"

மூன்றுமே நடக்கக்கூடியவைதான். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையை எப்படி அடித்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கிழக்குக் கரையில் முருகைக்கல் உடைத்துச் சுண்ணாம்பு சுட்டதும் நீண்ட காலம் நடந்த தொழில். தென்மேற்குக் கரையோரத்தில் சில ஆயிரம் ஆண்டுகள் பழமையான முருகைக்கல் படுக்கைகள் நிலத்துக்குள் இருப்பதும் உண்மை. ஆனால் மூன்றில் எதுவானாலும் கையில் கிடைப்பது ஒரே மாதிரியான வெள்ளைக் கல்தான். வித்தியாசத்தைக் கல்லில் தேடுவதைவிட, கல்லிலுள்ள ஓட்டைகளில் தேட வேண்டும்.

துளையும் வளையும்

பாசிக்குடா மணலில் விடியற்காலை நடந்தவர்களுக்கு நண்டு வளை தெரியும். நண்டு மணலை அள்ளி வெளியே எறிந்து செய்வது வளை. மணல் இளகியது, துகளை நகர்த்தினாலே இடம் உண்டாகிவிடும். கல்லுக்குள் அப்படி முடியாது. கல்லைக் கரைக்க வேண்டும், அல்லது அரைக்க வேண்டும். அது துளை. தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது எனக்குப் பெரிய வசதி. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்திவிடலாம்.

ஒரு பிராணியின் எலும்போ ஓடோ கல்லாகிக் கிடைத்தால் அதை உயிர்ச்சுவடு என்கிறோம். பிராணி போய், அது நடந்த வழியோ குடியிருந்த துளையோ மட்டும் கல்லில் எஞ்சினால் அது தடச்சுவடு. இதற்குப் பெயர் வைக்கும் முறையே தனி. பெயர் தடத்துக்குத்தான், தடத்தைச் செய்தவருக்கு இல்லை. கல் துளைக்கும் சிப்பி விட்டுப்போகும் குடுவை வடிவத் துளைக்கு 1842இல் லெமெரி என்ற பிரெஞ்சுக்காரர் காஸ்ட்ரோகினோலைட்டிஸ் என்று பெயர் வைத்தார். உள்ளே இருந்தது எந்தச் சிப்பியானாலும் துளைக்கு அந்தப் பெயர்தான். பிறகு 1953இல் ஜெர்மானியரான அடொல்ஃப் சைலாகர், தடங்களை நடத்தையை வைத்து வகுத்தார்: ஓய்ந்திருந்த தடம், ஊர்ந்த தடம், மேய்ந்த தடம், இரை தேடித் தோண்டிய தடம், குடியிருந்த தடம். எங்கள் குழியில் வந்தவை எல்லாம் கடைசி வகை. அவற்றைத் தடச்சுவடு என்று சொல்ல இன்னும் வயது காணாது. ஆனாலும் வாசிக்கும் முறை ஒன்றுதான்.

வேலியோரத்துக் கற்களில் ஒன்றை எடுத்து மருமகனிடம் கைவில்லையைக் கொடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க ஊசிமுனைத் துளைகள், இடியப்ப உரலின் அடித்தட்டைப் பார்ப்பதுபோல. ஓரத்தைக் கொஞ்சம் உடைத்தபோது உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒன்றோடொன்று கதவு வைத்ததுபோலத் தொடர்ந்து போயின. இது துளைக்கும் கடற்பஞ்சின் வேலை. முருகைக்கல்லின் சுண்ணாம்பை அமிலத்தால் ஓரம் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாகப் பெயர்த்து வெளியே தள்ளும். முருகைக் கற்பாறைகளைச் சுற்றி அடியில் படியும் வெண்சேற்றில் இந்தச் சில்லுகளுக்குப் பெரிய பங்குண்டு. இத்தடம் கல்லாகிக் கிடைத்தால் அதற்கு என்டோபியா என்று பெயர்.

அதே கல்லில் எட்டு வடிவத்தில் இரட்டைக் கண் வைத்த துளைகள் இருந்தன. ஒரு புழு கல்லுக்குள் போய் வளைந்து திரும்பி வந்த வழி அது. இரண்டு வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எட்டுப் போலத் தெரிகிறது. இன்னொரு பக்கம், சின்ன விரல் நுழையும் அளவில் சிப்பித் துளைகள். வாய் ஒடுங்கி, உள்ளே முட்டிபோலப் பருத்திருக்கும். சிப்பி குஞ்சாக இருக்கும்போது சின்னத் துளை போட்டு உள்ளே போகிறது. வளர வளரத் துளையை அகலப்படுத்துகிறது, ஆனால் வாசலை அப்படியே ஒடுக்கமாக விட்டுவிடுகிறது. அதனால் செத்தாலும் அதன் ஓடு வெளியே விழாது. இந்த ஒரு விஷயம்தான் பிறகு எங்களுக்கு விடை தந்தது.

ஒரு தவறையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். முதல் ஆறு கற்களை நான் அவசரப்பட்டு வாளித் தண்ணீரில் தும்புத் தூரிகையால் கழுவிவிட்டேன். துளைக்குள் இருந்த மண் போய்விட்டது. அந்த மண் கடல் மணலா, வளவு மண்ணா என்பது நல்லதொரு சாட்சியாக இருந்திருக்கும். மீதிக் கற்களைக் கழுவாமல் பார்த்தோம்.

குழியின் சுவர்

அடுத்த நாள் காலையில், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், குழியின் மேற்குச் சுவரைக் கத்தியால் நேராகச் சீவினோம். மேலே ஒரு சாண் மண். புல் வேரும் இலைச் சருகும் கலந்தது. அதன் கீழ் நான்கு அங்குலத் தடிப்பில் வெளிறிய மணல், கூரிய கோடு போட்டதுபோல. அதில் சிப்பித் துண்டுகளும் முருகைக் குருணியும் கண்ணுக்கே தெரிந்தன. அதற்குக் கீழே கறுத்த பழைய வளவு மண், ஓரடிக்கு மேல். அப்புறம்தான் கற்கள்.

வெளிறிய மணலில் ஒரு கரண்டி, கறுத்த மண்ணில் ஒரு கரண்டி, இரண்டையும் வெவ்வேறு கண்ணாடிக் கோப்பையில் போட்டு, குசினியிலிருந்த வினாகிரியை ஊற்றினோம். வெளிறிய மணல் உடனே நுரைத்தது. சோடாப் போத்தல் திறந்தது போன்ற சத்தம். கறுத்த மண் சும்மா இருந்தது. நுரைப்பது சுண்ணாம்பு வினாகிரியோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு வெளிவருவதால். எங்கள் மாவட்டத்து மணலில் பெரும்பங்கு படிகக்கல் மணல். விஜயன் தொகுதி என்று சொல்லும் உள்நாட்டுப் பழைய பாறைகள் தேய்ந்து ஆறுகளால் வந்தது. அது வினாகிரிக்கு அசையாது. நுரைக்கும் மணல் என்றால் அதற்குள் ஓடும் முருகையும் உண்டு, அதாவது கடலடியிலிருந்து வந்த மணல்.

மாமி கதிரையைக் குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிறிய கோட்டைக் காட்டி, "மாமி, நீங்க கண்ட கடல் இதுதான்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, குனிந்து, ஒரு விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்த நாளை அவர் கண்ட விதம் எனக்குத் தெரியாததல்ல. வேலையை அத்தோடு நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம்.

மாமி சொன்னது சரி, கடல் இந்த வளவுக்குள் வந்தது. ஆனால் அது விட்டுப்போன மணல் மேலே இருக்கிறது, கற்கள் அதற்கு ஓரடிக்கும் கூடுதலாகக் கீழே இருக்கின்றன. ஆகவே கற்கள் 2004க்கு முந்தியவை. இதற்குத் துணையாக ஒரு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. தாய்லாந்தின் பகாராங் முனையில் அதே சுனாமி நூற்றுக்கணக்கான முருகைப் பாறைகளைக் கடலடியிலிருந்து பெயர்த்தது. அவை வற்றுப்பெருக்கில் கடல் மூடித் திறக்கும் திடலிலேயே நின்றுவிட்டன. மணல்தான் நிலத்துக்குள் தூரம் போனது.

பழைய பாறையா?

மருமகனின் கருத்தைத்தான் நான் அதிக நேரம் சோதித்தேன். உண்மையைச் சொன்னால், அது சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

முருகைக் கற்பாறை வளர்ந்த இடத்திலேயே புதைந்திருந்தால் அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கும். முருகை மேல்நோக்கி வளர்வது; வளர்ச்சிக் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய மேலே பார்க்கும். துளைகள் திறந்திருந்த மேற்பக்கத்திலிருந்து உள்ளே இறங்கும். மணலுக்குள் இருந்த அடிப்பக்கம் பெரும்பாலும் துளையில்லாமல் இருக்கும். இடைவெளிகளில் முருகை மணலும் ஓடும் நிறைந்திருக்கும். குழிக்குள் அசைக்காமல் விட்டிருந்த 17 கற்களில் ஒவ்வொன்றின் வளர்ச்சித் திசையையும் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டுப் படம் எடுத்தோம். ஐந்து தலைகீழ். எட்டுப் பக்கவாட்டில் கிடந்தன. மேலே பார்த்தவை நான்குதான். இடைவெளிகளில் இருந்தது கறுத்த வளவு மண்ணும் கரித்துண்டுகளும். வினாகிரிக்கு நுரைக்கவில்லை. வளர்ந்த இடம் இதுவல்ல.

மருமகனின் முகம் வாடிவிட்டது. அவனுக்காக மட்டும் சொல்லவில்லை, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை வடமேற்குக் கரையோரமாகக் கிடக்கும் அந்தக் கல் மயோசீன் காலத்தது. அக்காலம் 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. காங்கேசன்துறை சீமெந்துக்கு அரைத்ததும் அந்தக் கல்தான். இன்றைய முருகைகள் தங்கள் கூட்டை அரகோனைட்டு என்ற கனிமத்தால் கட்டுகின்றன. மழைத் தண்ணீரும் நிலத்தடி நீரும் அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும், அல்லது கல்சைற்றாக மாற்றிவிடும். அதனால் பழைய சுண்ணாம்புக்கல்லில் முருகை இருந்த இடம் பல வேளை வெறும் அச்சாகவே இருக்கும். ஆனால் துளைக்குள் புகுந்த சேறு இறுகிக் கல்லாகியிருந்தால், சுற்றியிருந்த முருகை கரைந்த பிறகும் துளையின் வடிவம் ஒரு குமிழ்போல நிற்கும். வீடு கரைந்துபோய், வீட்டுக்குள் இருந்த வெற்றிடம் மட்டும் கல்லாக நிற்கிறது. முதன்முதலில் ஒரு படத்தில் இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் அப்படித்தான். எங்கள் கற்களிலோ முருகை உயிர் குடியிருந்த ஒவ்வொரு சின்னக் கிண்ணமும் நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. கரைவோ அச்சோ எங்கும் இல்லை.

உடைந்த முகம்

மொத்தம் 43 கற்கள். முற்றத்தில் உரப்பைகளை விரித்து இரண்டு குவியலாகப் பிரித்தோம்: கூரிய விளிம்புள்ளவை 31, உருண்டவை 12.

உருண்டவற்றில் துளை எல்லாப் பக்கமும் இருந்தது. ஆனால் முழுத் துளை ஒன்றும் இல்லை. குடுவையின் கழுத்து தேய்ந்துபோய், அடிமட்டும் கிண்ணம்போல எஞ்சியிருந்தது. அந்தக் கிண்ணங்கள் சிலவற்றுக்குள் வெள்ளைச் சுருள்போன்ற புழுக்குழாய்கள் ஒட்டியிருந்தன. வரிசை தெளிவு: முதலில் சிப்பி துளைத்தது, பிறகு கல் அலையில் உருண்டு தேய்ந்தது, பிறகு எங்கோ அமைதியாகக் கடலுக்குள் கிடந்தபோது புழு வந்து குடியேறியது. உயிரோடிருந்த பாறையிலிருந்து எடுத்தவை இல்லை, ஏற்கெனவே உதிர்ந்து கரையோரம் கிடந்த கல்.

கூரிய 31உம் வேறு கதை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் துளை நிறைந்த பழைய தோல். மறுபக்கங்கள் வெள்ளையாக உடைந்த முகம். உடைந்த முகத்திலிருந்து தொடங்கி உள்ளே போன ஒரு துளைகூட இல்லை. ஊசிமுனைத் துளைகள்கூட இல்லை. உடைந்த பின் அந்தக் கல் கடலுக்குள் கிடக்கவில்லை என்பதற்கு இது போதும்.

மருமகன்தான் அடுத்ததைக் கண்டுபிடித்தான். "மாமா, இஞ்ச பாருங்க, சிப்பி பாதி வெளிய நிக்குது." உடைவு ஒரு சிப்பிக் குடுவையின் நடுவால் போயிருந்தது. குடுவையின் பாதி போய்விட்டது; மறுபாதிக்குள் சிப்பியின் இரண்டு ஓடும் சோடியாக, சுண்ணாம்பாய் வெளுத்து, அப்படியே இருந்தன. பிடிக்க ஒன்றும் இல்லை. சரித்தால் விழுந்துவிடும். விரல்நுனியால் தொட்டதும் ஆடியது. வாசல் முழுதாக இருந்தால் ஓடு உள்ளே அடைபட்டிருக்கும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் இப்படித் திறந்த பாதிக் குடுவையில் ஓடு நிற்கிறதென்றால், உடைந்த பிறகு இந்தக் கல்லை ஓர் அலையும் உருட்டவில்லை. ஏழு கற்களில் இதே நிலை. புயலும் சுனாமியும் கல்லைப் பெயர்க்கும், ஆனால் இவ்வளவு பக்குவமாக வைக்காது. அலவாங்கால் பெயர்த்து, தோணியில் ஏற்றி, கூடையில் சுமந்து வந்த கை ஒன்று இருந்திருக்க வேண்டும்.

பெரிய துண்டு வளர்ச்சித் திசையில் 28 சென்ரிமீற்றர் இருந்தது. இப்படிக் குண்டாக வளரும் முருகை வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆக அந்த ஒரு துண்டுக்குள் ஏறக்குறைய 28 வருடக் கடல் இருக்கிறது.

எரிந்த கல்

மூன்றாம் நாள் அடியிலிருந்த கடைசிக் கற்களை எடுத்தபோது கரி அதிகமாக வந்தது. கரியோடு வெள்ளைக் கட்டிகள். விரலால் நசுக்கினால் மாவாகும். ஒரு கல், தேங்காயளவு, வெளிப்பக்கம் மாப்போல உதிர்ந்தது. நடுவில் இறுகிய முருகை அப்படியே இருந்தது. உதிரும் மேற்பரப்பிலும் ஊசிமுனைத் துளைகளின் வரிசை இன்னும் தெரிந்தது. பாதி வெந்த கல்.

சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் முருகைக்கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு போய்விடும். 100 கிலோ கல்லுக்குச் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோதான் மிஞ்சும். சூடு நடுவரை போகாத கல் இப்படிக் கோதாக நிற்கும், அதைப் புறத்தே எறிவார்கள். மண்ணுக்குள் கிடந்த சுட்ட சுண்ணாம்பு ஈரத்தையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகும். எங்கள் வெள்ளைக் கட்டி வினாகிரியில் நன்றாக நுரைத்தது.

மாமி கரியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த மூலையில ஒரு மேடு இருந்த. நான் கலியாணம் கட்டி வந்த புதுசுல. மாமா கொத்தி மட்டமாக்கித் தென்னம்பிள்ளை வெச்சவர். அந்தத் தென்னைதான் சூறாவளிக்கு விழுந்த."

மட்டக்களப்பில் சூறாவளி என்று தனியாகச் சொன்னால் அது 1978 நவம்பர் 23தான். மேடு அதற்கு முந்தியது. காணியை மாமா, அதாவது மச்சானின் அப்பா, வாங்க முதல் வைத்திருந்தவரின் சூளைக் குப்பை. மச்சான் சொன்னது சரி. மாமா சுண்ணாம்பு சுட்டவரில்லை என்று மாமி சொன்னதும் சரி. மருமகன் கேட்ட கேள்விதான் இந்த இரண்டையும் நிரூபிக்க வைத்தது.

அந்தக் காலத்தில் அது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். சாந்தும் வெள்ளையடிப்பும் அதை நம்பியிருந்தன. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோதுதான் கரையோர வலயத்துக்குள் முருகைக்கல் எடுப்பதும் வைத்திருப்பதும் சுடுவதும் தடையாயின. கல்குடாவுக்கு வடக்கே உள்ள காயங்கேணி முருகைப் பாறை 2019இல் கடல்சார் சரணாலயமானது. அங்கே நீந்துகிறவர்கள் பாறையில் கால் வைத்து நிற்பதை இன்றும் காண்கிறேன். 28 வருடக் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தபின் அதைக் காணப் பொறுக்கவில்லை.

கற்களில் ஒன்றைக்கூட நான் எடுத்துவரவில்லை. படங்களும், அம்புக்குறி போட்ட வரைபடமும், மருமகனின் கொப்பியில் எழுதிய அளவுகளும் போதும். கக்கூஸ் குழியை மூன்று மீற்றர் தள்ளி வெட்டினார்கள். 43 கற்களையும் பழைய குழிக்குள் திரும்ப இறக்கினோம், பாதிச் சிப்பி நின்ற ஏழையும் மேலே பார்க்க வைத்து. மண் தள்ள முதல் மருமகன் ஓடிப்போய் ஒரு பத்து ரூபாய்க் குற்றி கொண்டுவந்தான். கற்களுக்கு அடியில், புது மண்ணில், எழுத்துப் பக்கம் மேலே தெரிய அதை வைத்தான். இனி யாரும் தோண்டினால், இந்தக் குவியலை ஒருதரம் கலைத்து வைத்தவர்கள் உண்டென்று குற்றியில் உள்ள வருடம் அவர்களுக்குச் சொல்லும்.